ஏணி வைத்த படகு

லெப்பாசாரி தீவு
4 செப்டம்பர் 1994

ஆர்ரே,

நலமா என்று கேட்கவில்லை. நலமாகத்தான் இருப்பாய், நீ எப்போது கெட்டுப் போயிருக்கிறாய்? விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு படகு வேண்டும்.

மரப்படகின் அடிப்பலகை போய்விட்டது. விரலால் அழுத்தினேன், ஊறிய ரொட்டியில் இறங்குவது போல இறங்கியது. எதிர்க்கரை வீட்டு தௌனோ வந்து பார்த்துவிட்டு, "இது படகு இல்ல வியெனோ, சல்லடை"ன்னு சொல்லிவிட்டு, தானே என்னை எங்கும் கூட்டிப் போவதாகவும் சொன்னார். அவர் படகில் ஏறுவதற்குப் பதில் நீந்தியே போய்விடலாம். துடுப்புப் போடும் நேரத்தைவிடப் பேசும் நேரம்தான் அதிகம்.

அக்டோபரில் முய்க்கு மீன் கரைக்கு வரும். வலை தயாராக இருக்கிறது. அதை வைத்துத்தான் என் வருஷம் ஓடுகிறது என்பது உனக்குத் தெரியும். டவுனில் ஒரு அறை எடுத்து ஜன்னலோரம் உட்கார் என்று எழுதாதே. நவம்பரில் நீத்தார் நாளுக்குக் கல்லறைக்கும் போக வேண்டும். கலெர்வோவுக்கு மெழுகுவத்தி ஏற்றப் பெண்டாட்டி நான் போகாமல் யார் போவது?

இன்னொரு படகு ஸ்ப்ரூஸ் மரத்தடியில் குப்புறக் கிடக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே.

தனியாகத் துடுப்புப் போடுவேன், தனியாக வலை எடுப்பேன், தனியாகக் கரையில் இழுத்துப் போடுவேன். அதற்கு ஏற்றது எதுவென்று சொல். படகு தெரிந்தவர்கள் என்று எனக்கு வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

போன் செய்யாதே. போனில் நாம் கத்திக்கொள்கிறோம், நான் வைத்துவிடுகிறேன், அப்புறம் தூக்கம் வருவதில்லை. கடிதம் என்றால், நீ எரிச்சல் மூட்டினாலும் விறகுக் கொட்டகை வரை நடந்துவிட்டு வந்து மிச்சத்தைப் படித்துக்கொள்ளலாம்.

வியெனோ


லாத்தி
11 செப்டம்பர் 1994

அன்புள்ள அக்கா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு வருஷமாக உன்னிடமிருந்து ஒரு கிறிஸ்துமஸ் அட்டைகூட இல்லை. அத்தானைப் புதைத்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ஊர் முழுக்க இருக்கும் கூடத்தில், "உன் தகர டப்பாதான் அவரைக் கொன்னுச்சு"ன்னு நீ சொன்னாய். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தவன் நான். அத்தானுக்கு நான் விற்ற அந்தப் படகைப் பற்றி எழுதாதே என்கிறாய், சரி. ஆனால் ஒன்று மட்டும்: அத்தான் மூழ்கிய அன்று அது நிமிர்ந்தே மிதந்துகொண்டிருந்தது, வலை பாதி உள்ளே கிடந்தது. கவிழ்ந்த படகு அப்படி இருக்காது. நீயோ அது அவரைத் தள்ளிவிட்டுத் தானே நிமிர்ந்துகொண்டது என்கிறாய். நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால். போகட்டும்.

இனித் தம்பியாகப் பேசவில்லை, கடைக்காரனாகப் பேசுகிறேன். கடைக்காரன் சொன்னால் நீ கொஞ்சமாவது கேட்பாய்.

கடைக்கு வருகிறவர்கள் எவ்வளவு வேகம், என்ன நிறம், எத்தனை பேர் என்றுதான் கேட்கிறார்கள். குளிர்காலத்து ஏரிக்குப் படகு வாங்குகிறவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விழுந்தால் திரும்ப ஏற முடியுமா? ஜூலையில் விழுந்தவன் நீந்தி வந்து சிரிப்பான். அக்டோபரில் முதலில் மூச்சு போகும். மூச்சு திரும்பி வருவதற்குள் விரல் போய்விடும். அந்த விரலை வைத்துக்கொண்டு உயரமான விளிம்பைப் பிடித்து ஏற முடியாது, நீ எவ்வளவு பெரிய வீம்புக்காரியாக இருந்தாலும்.

ஆகவே அகலமான அடி வேண்டும். கனம் கீழே இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் நுரை அடைத்து மூடியிருக்க வேண்டும், தண்ணீர் நிறைந்தாலும் மூழ்கக் கூடாது. பின்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். ஒல்லிப் படகு அழகாக ஓடும், ஆனால் நீ வலைப்பக்கம் சாய்ந்தால் அதுவும் கூடவே சாயும், மனைவி சொல் தட்டாத புருஷன் மாதிரி.

எனக்குச் சில விவரம் வேண்டும். வலையை நின்று எடுக்கிறாயா, உட்கார்ந்தா? தரையில் என்ன விரிக்கிறாய்? உடம்பில் என்ன போடுகிறாய்? ஒன்று விடாமல் எழுது.

ஆர்ரே


லெப்பாசாரி
19 செப்டம்பர் 1994

ஆர்ரே,

இரண்டு தடவை விறகுக் கொட்டகைக்குப் போய் வந்தேன். மூன்றாம் தடவைதான் முழுக்கப் படித்தேன்.

வலையை முன்பக்கம் நின்றுதான் எடுக்கிறேன். எப்போதும் அப்படித்தான். பிரசங்கம் வேண்டாம். தரையில் ஸ்ப்ரூஸ் கிளைகளை விரிக்கிறேன், பூட்ஸ் வழுக்காது. உடம்பில் கம்பளி, அதன் மேல் மழைக்கோட்டு, அதன் மேல் கலெர்வோவின் லைஃப் ஜாக்கெட். போலீஸ் ஒரு பழுப்புப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. தண்ணீர் பட்டால் தானே ஊதிக்கொள்ளும் வகை, விலை கூடியது. ஆகவே அந்த விஷயத்தில் கவலைப்படாதே.

அந்த ஜாக்கெட் பற்றி ஒன்று சொல்கிறேன். நீ சிரிப்பாய். சாவு வீட்டுக்குப் பிறகு இதை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் இறந்த வருஷம் வசந்தத்தில் நடந்தது. வலை எடுத்து வந்தவர் ஜாக்கெட்டைக் காயட்டும் என்று சவுனாக் குளியல் கொட்டகையின் உடை மாற்றும் அறையில் ஆணியில் மாட்டினார். உள்ளே நாங்கள் கல்லில் தண்ணீர் ஊற்றி ஊற்றி, ஆவி கதவிடுக்கில் வெளியே போயிருக்கிறது. திடீரென்று வெடிகுண்டு மாதிரி ஒரு சத்தம். கலெர்வோ கதவைத் திறந்துகொண்டு பிறந்த மேனிக்குப் பனியில் ஓடினார். அந்த நேரம் பார்த்து தௌனோ ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவர் நின்று, நிதானமாகப் பார்த்துவிட்டு, "என்ன கலெர்வோ, ரஷ்யாக்காரன் வந்துட்டானா?" என்று கேட்டார். அறையில் பார்த்தால் ஜாக்கெட் மஞ்சள் பன்றிக்குட்டி போல ஊதிக்கொண்டு ஆணியில் தொங்குகிறது. ஆவியையே ஏரி என்று நினைத்துவிட்டது, பைத்தியம். சவுனா ஆறிப் போகும் வரை சிரித்தோம்.

அப்புறம் நான் பெஞ்சில் உட்கார்ந்து, குழாய் வழியாகக் காற்றை எல்லாம் பிதுக்கி எடுத்து, சட்டை மடிப்பது போல மடிப்பு மடிப்பாக மடித்து மூடினேன். "கடையிலேருந்து வந்தப்பகூட இவ்ளோ அழகா இல்ல வியெனோ" என்றார்.

எழுதும்போது சிரிப்பு வருகிறது. இரண்டு வருஷத்தில் முதல் தடவை. படகைச் சீக்கிரம் பார்.

வியெனோ


லாத்தி
2 அக்டோபர் 1994

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம் என்று எழுதலாம், ஆனால் வேலை அதிகமில்லை.

படகு கிடைத்துவிட்டது. பார்க்க மாட்டுத்தொட்டி மாதிரி இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அடி அகலம், அதில் நீளத்துக்கு இரும்புப் பட்டை, மெல்லிய பனிக்கட்டி மேல் இழுத்தாலும் கிழியாது. பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கும் ஒரு சின்ன ஏணி இருக்கிறது. கால் வைக்க இரண்டே படி. அதை மட்டும் ஒருபோதும் மடக்கி வைக்காதே, கீழே இறக்கியே விட்டிரு. துடுப்பில் மாட்டினாலும் பரவாயில்லை.

வாங்குவதற்கு முன் நானே சோதித்தேன். துறைமுகத்தில் உடுப்போடு, பூட்ஸோடு தண்ணீரில் இறங்கினேன். கூட வேலை செய்கிறவன் கரையில் கயிற்றோடு நின்றான். அக்கா, நான் நன்றாக நீந்துகிறவன். அந்தத் தண்ணீர் நெஞ்சை ஒரு கை பிடிப்பது போலப் பிடித்தது. கத்தக்கூட முடியவில்லை. கையால் ஏற முயன்றேன், முடியவில்லை. ஏணிப்படியில் கால் பட்டதும்தான் ஏறினேன். காலுக்குக் குளிர் தெரிவதற்குக் கையைவிடக் கொஞ்சம் நேரம் ஆகிறது.

இன்னொன்று. படகுக்குள் ஒரு புது லைஃப் ஜாக்கெட் இருக்கும். ஊதிக்கொள்ளும் வகை இல்லை, நுரை வைத்தது, தடியாக இருக்கும். படகோடு இலவசம். அதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். பழையதைத் தூக்கி எறிந்துவிடு. வருஷமாகிவிட்டால் ரப்பர் கெட்டுப்போகும், இப்போது புது விதிகள்கூட வந்திருக்கின்றன. பழையதைப் போடாதே. கேட்கிறாயா?

சவுனாக் கதையைப் பலமுறை படித்தேன். சிரித்தேன்.

ஆர்ரே


லெப்பாசாரி
20 அக்டோபர் 1994

ஆர்ரே,

தொட்டி வந்து சேர்ந்தது. கிராமத்துத் துறையிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். அதற்கு ஏணி வேறு! இது என்ன படகா, கோழிக்கூண்டா? தௌனோ வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து, "முட்டை எந்தப் பக்கம் எடுக்கணும்?" என்று கேட்டார். ஆனால் நீ எழுதியபடி இறக்கியேதான் வைத்திருக்கிறேன். மடக்கினால் கிறீச்சிடுகிறது, எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, படகு நல்ல படகு. முன்பக்கம் நின்று வலையை இழுத்தாலும் அசைவதில்லை. முதல் நாளே மூன்று வாளி முய்க்கு. வறுத்துக் கறுப்பு ரொட்டியோடு சாப்பிட்டேன். நீ இருந்திருந்தால் பாதியை நீயே தின்றிருப்பாய்.

புது ஜாக்கெட்டை தௌனோவுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த மனுஷனிடம் ஒன்றுமே இல்லை. இப்போது வீட்டுக்குள் காபி குடிக்கும்போதுகூட அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு எதற்கு? கலெர்வோவுடையது இருக்கிறது. இடுப்புப் பட்டையில் அவர் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. என் இடுப்புக்கு அது பெரிசு, ஆனால் அவிழ்க்கவில்லை. காலையில் அதை மாட்டும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது போல இருக்கிறது. ரப்பர், விதி என்று எழுதி அதையும் என்னிடமிருந்து பறிக்கப் பார்க்காதே. நீ விற்பது படகு, அதோடு நிறுத்திக்கொள்.

காலையில் வளைகுடாவின் ஓரத்தில் கண்ணாடி போலப் பனி ஆடை கட்டுகிறது. பத்து மணிக்குக் கரைகிறது. இந்த வருஷம் உறைபனி முன்னாலேயே வந்துவிடும் என்று தௌனோ சொல்கிறார். அந்த ரெண்டுங்கெட்டான் நாட்கள் வந்துவிட்டால் நடக்கவும் முடியாது, துடுப்புப் போடவும் முடியாது. அதற்குள் நீத்தார் நாள் சனிக்கிழமை கல்லறைக்குப் போய்விட்டு வந்துவிடுவேன். மெழுகுவத்தி வாங்கி வைத்திருக்கிறேன்.

இந்தப் படகு நன்றாக இருக்கிறது என்பதற்காக அந்தப் படகை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

வியெனோ


லாத்தி
31 அக்டோபர் 1994

அக்கா,

இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். இன்று காலை போனை எடுத்து உன் எண்ணைச் சுழற்றினேன். கடைசி இலக்கத்துக்கு முன் வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தௌனோவைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்றும் பார்த்தேன். பெண்டாட்டிக்கு மட்டும் தெரிய வேண்டியதை ஊருக்குச் சொன்னதாகிவிடும். வியாழக்கிழமை தபால் படகில் இது வந்துவிடும். சனிக்கிழமைக்கு முன் வந்துவிடும்.

அத்தானின் ஜாக்கெட்டைப் போடாதே. ரப்பரும் இல்லை, விதியும் இல்லை. நான் பொய் சொன்னேன்.

அந்த வகை ஜாக்கெட்டுக்குள் ஒரு மாத்திரை இருக்கிறது. ஈரம் பட்டால் கரையும். கரைந்ததும் ஒரு ஊசி பாய்ந்து, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சின்ன சிலிண்டரைத் துளைக்கும். அதிலிருக்கும் வாயுதான் ஜாக்கெட்டை ஊதுகிறது. ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு புது மாத்திரையும் புது சிலிண்டரும் மாட்டாவிட்டால் அது வெறும் துணி. எவ்வளவு அழகாக மடித்தாலும் வெறும் துணி.

சவுனாவில் அது வெடித்ததைப் படித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. புது சிலிண்டர் வாங்கினதாக நீ எழுதவில்லை. வாங்கியிருந்தால் அதையும் சிரிப்பாக எழுதியிருப்பாய். அத்தானை எடுத்தபோது ஜாக்கெட் தட்டையாக இருந்தது என்று போலீஸ்காரர் சொன்னது நினைவிருக்கிறதா? அன்றைக்கு அதை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. எல்லோரும் படகையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா, நீ ஒரு தப்பும் செய்யவில்லை. அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. பழி என் படகின் மேலேயே கிடந்திருக்கலாம், எனக்கு அது பழகிவிட்டது. இதை நீ தெரிந்துகொள்வதைவிட நீ என்னை வெறுப்பதே மேல் என்றுதான் அந்தப் புது ஜாக்கெட்டைப் பேசாமல் வைத்தேன். நீ அதை தௌனோவுக்குக் கொடுப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தௌனோவிடமிருந்து அதைத் திரும்ப வாங்கு. இல்லையென்றால் சனிக்கிழமை போகாதே. அத்தான் இருட்டில் ஒரு வருஷம் இருந்துகொள்வார்.

ஆர்ரே


லாத்தி
12 நவம்பர் 1994

அக்கா,

பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போன் செய்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நீ சொன்னதை மீறிவிட்டேன், தெரியும்.

கிராமத்துத் தபால் நிலையத்தில் கேட்டேன். புதன்கிழமை ராத்திரியே வளைகுடாவைப் பனிக்கட்டி மூடிவிட்டதாம், வியாழக்கிழமை தபால் படகு வரவே இல்லையாம். உங்கள் தீவுக்கான பை அங்கேயே ஆணியில் தொங்குகிறதாம். என் கடிதம் அதற்குள் இருக்கிறது. இதுவும் அதற்குள்தான் போகும், தெரிந்தே எழுதுகிறேன்.

தௌனோவை நேற்றுப் போனில் பிடித்தேன். அவர் கரைக்கும் உன் கரைக்கும் நடுவிலும் பனிக்கட்டி அரைகுறையாக இருக்கிறதாம், கால் வைக்க முடியாதாம். சனிக்கிழமை காலை நீ படகில் போனதைப் பார்த்திருக்கிறார். திரும்பினதைப் பார்க்கவில்லை. "புகை வருது" என்றார். "உன் அக்கா வீட்டுப் புகைக்கூண்டுல புகை வருது, தம்பி. யாரோ அடுப்பு மூட்டுறாங்க."

யாரோ என்று ஏன் சொன்னார்?

போனை எடு.

ஆர்ரே


லெப்பாசாரி
6 டிசம்பர் 1994

ஆர்ரே,

நேற்று தௌனோ பனிக்கட்டி மேல் நடந்து வந்தார். பனி உடைந்து விழுந்தால் குத்தி ஏறக் கழுத்தில் இரட்டை ஆணி, கோட்டுக்கு மேல் உன் இலவச ஜாக்கெட், தோளில் தபால் பை. உன் இரண்டு கடிதங்களும் வந்தன. சின்னதைப் படித்தேன். தடியாக இருப்பதைப் பிரிக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை போனேன். நம் வளைகுடாவில் கட்டியிருந்ததைத் துடுப்பால் உடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன், அப்பால் ஏரி திறந்தே கிடந்தது. புத்தி உள்ளவள் அங்கேயே திரும்பியிருப்பாள். மெழுகுவத்தியை ஏற்றினேன். கல்லறைத் தோட்டம் முழுக்க வெளிச்சம், காற்றே இல்லை, கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டேன். திரும்பி வரும்போது நான் உடைத்த வழி மறுபடி மூடியிருந்தது. முன்பக்கம் எழுந்து நின்று துடுப்பால் குத்தினேன். ஆமாம், நின்றேன். தரையில் விரித்த கிளையெல்லாம் பனி பிடித்துக் கண்ணாடியாகக் கிடந்தது. விழுந்தேன்.

நீ எழுதினது சரிதான், நெஞ்சை ஒரு கை பிடிக்கிறது. நான் கத்தவில்லை, நீந்தவில்லை. காத்திருந்தேன். இப்போது வெடிக்கும், இப்போது ஊதும், கழுத்தைத் தூக்கும் என்று காத்திருந்தேன். ஆர்ரே, கலெர்வோவும் அப்படித்தான் காத்திருந்திருப்பார். வலையை விட்டுவிட்டுப் படகைப் பிடித்திருக்கலாம், கை எட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கும். பிடித்திருக்க மாட்டார். நான் அழகாக மடித்துக் கொடுத்ததை நம்பிக் காத்திருந்திருப்பார்.

எப்படிப் பின்பக்கம் போனேன் என்று தெரியவில்லை. கை ஒன்றையும் பிடிக்கவில்லை. முழங்கால் எதிலோ இடித்தது, அது உன் ஏணி. கோழி கூண்டில் ஏறிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அடுப்பு முன் உட்கார்ந்து, விரல் திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஜாக்கெட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்ன சிலிண்டர். திருகிக் கழற்றினேன். அதன் வாயில் ஒரு துளை, சுத்தமான துளை, உள்ளே துரு. புதுசாக விழுந்த துளையில்லை. சவுனாவில் கேட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் போன் அடித்தது, மறுநாளும் அடித்தது. நீதான் என்று தெரியும். எதிரே உட்கார்ந்து அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்திருந்தால் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது என்னவென்று உனக்குத் தெரியும். சாவு வீட்டுக் கூடத்தில் நான் சொன்னதற்கு நேர் எதிரானது. வாய் வரவில்லை. விறகுக் கொட்டகைக்குப் போனேன், வந்தேன், திரும்பப் போனேன். ஒரு மாதமாக அதுதான் வேலை.

ஆனால் உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இலவசமாம். உங்கள் கடையில் எப்போதடா எதை இலவசமாகக் கொடுத்தார்கள்? அக்டோபரிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. என் மனசு நோகக் கூடாது என்று அதை மூடி வைத்துவிட்டு, ஒரு ஜாக்கெட்டைப் படகில் போட்டு அனுப்பினாய். உன் இரக்கம் என்னைத் தண்ணீரில் போட்டது, உன் ஏணி வெளியே எடுத்தது. எதற்கு நன்றி சொல்ல, எதற்குத் திட்ட?

சுவரில் போன் இருந்தது, ஆர்ரே. போன் செய்யாதே என்று நான்தான் சொன்னேன். சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் நீ கேட்டதில்லை. இதைத்தானா கேட்க வேண்டும்?

இன்று சுதந்திர தினம், வழக்கம்போல ஜன்னலில் இரண்டு மெழுகுவத்தி வைத்திருக்கிறேன். மத்தியானம் தௌனோவைக் கூப்பிட்டு, ஸ்ப்ரூஸ் மரத்தடியில் குப்புறக் கிடந்த படகை நிமிர்த்தினோம். உள்ளே எலிக்கூடு. மற்றபடி ஒரு சொட்டைகூட இல்லை. தௌனோ அதைத் தட்டிப் பார்த்து, "இதுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார். ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

ஏரி இப்போது தாங்குகிறது. நடந்தே வரலாம், கழுத்தில் ஆணி மாட்டிக்கொண்டு வா. பிரிக்காத கடிதத்தை வைத்திருக்கிறேன். அதில் இருப்பதை நீயே வந்து வாயால் சொல், நானும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன் போன் செய். எடுப்பேன். நீ கத்தினாலும் வைக்க மாட்டேன்.

அக்கா